உடற்பிணியும் உளப்பிணியும்: இணையவழிச் சோதனையும் விழிப்புணர்வுக் கல்வியும்

(ஆலயத் திருவிழாவையொட்டி ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



திருவிழாக் காலங்களில் ஆலய மண்டபங்களில் இலவச மருத்துவ முகாம் நடத்துவது இந்நாட்டில் நெடுநாளைய வழக்கம். இரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது. விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து இனிப்பின் அளவு சொல்லப்படுகிறது. கண்ணும் பல்லும் சோதிக்கப்படுகின்றன. வரிசையில் நிற்பவர் எவரும் அதற்காக வெட்கப்படுவதில்லை. "எனக்குப் பத்து வருஷமா இனிப்பு நீர் இருக்கு" என்று பக்கத்தில் நிற்பவரிடம் உரக்கச் சொல்பவரும் உண்டு. அதே மனிதர், "ஆறு மாதமாக எதிலும் நாட்டமில்லை, இரவில் உறக்கமில்லை, எதற்காக இருக்கிறோம் என்று தோன்றுகிறது" என்று எவரிடமும் சொல்வதில்லை. அவரிடம் அதைக் கேட்பாரும் இல்லை. கேட்கப்படாத அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, கேட்டபின் என்ன செய்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

உடல் நோவும் உள்ளம் நோவும்

மலேசிய சுகாதார அமைச்சு 2019 ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. அதாவது, மூவரில் ஒருவர் என்ற நிலைக்கு மிக அருகில். அதே ஆய்வு மனச்சோர்வு நோயையும் அளந்தது, பெரியவர்களுள் 2.3 விழுக்காட்டினர் அதற்கு ஆளாகியிருந்தனர். 2023 ஆம் ஆண்டு ஆய்வில் அது 4.6 விழுக்காடாக உயர்ந்தது. நான்கே ஆண்டுகளில் இரு மடங்கு.

இவ்விரு கணக்குகளும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும், ஒரே வீட்டில், பல வேளைகளில் ஒரே உடலில் சந்திக்கின்றன. நீரிழிவு உள்ளவர்க்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு, நீரிழிவு இல்லாதவரைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தோர் கண்டுள்ளனர். மாரடைப்பிலிருந்து மீண்டவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரும், பக்கவாதத்தால் தாக்கப்பட்டவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவரும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர்.

இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கால் விரலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளில், குடும்பத்திற்கு உழைத்துப் போட்ட ஒருவருடைய உள்ளம் என்ன பாடுபடும்? மலேசியாவில் 50,000 பேருக்கு மேல் டயாலிசிஸ் எனும் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெறுகின்றனர். இயந்திரத்தின் வழி இரத்தம் சுத்திகரிக்கப்படுவோர் வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் படுக்கையில் கழிக்கின்றனர். வேலை போகிறது, வருமானம் குறைகிறது, பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வருகிறது. உள்ளம் துவளாதிருந்தால்தான் வியப்பு.

துவண்ட உள்ளமும் உடலைச் சும்மா விடுவதில்லை. சோர்வுற்றவர் மாத்திரையை மறக்கிறார், நடைப்பயிற்சியை விடுகிறார், மருத்துவரைக் காணும் தேதியைத் தவற விடுகிறார், சிகரெட்டையோ மதுவையோ நாடுகிறார். மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோல் எனும் இயக்குநீர் இரத்தத்தில் இனிப்பின் அளவை ஏற்றிவிடுகிறது. கனடாவின் மொன்ட்ரியால் நகரில் மாரடைப்புக்காக மருத்துவமனையில் இருந்த 222 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1993 இல் வெளிவந்தது. இதயத்திற்கு ஏற்பட்ட பாதிப்பின் கடுமையைக் கணக்கில் கொண்ட பின்பும், மனச்சோர்வு இருந்தவர்களிடையே ஆறு மாதத்திற்குள் இறப்பு கணிசமாக மிகுந்திருந்தது. ஆகவே, உளப்பிணி உயிரோடு விளையாடும் ஒன்று. சர்க்கரையையும் அழுத்தத்தையும் அளந்துவிட்டு உள்ளத்தை அளக்காமல் விடுவது, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

வாய் திறவாமைக்குக் காரணங்கள்

முதற்காரணம், பழிச்சொல்லுக்கு அஞ்சுதல். பேராக் மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அருகே 1911 இல் தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனை, இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை எனும் பெயரில் இயங்குகிறது. அந்த ஊரின் பெயரே தலைமுறை தலைமுறையாகக் கேலிச் சொல்லாகிவிட்டது. சிங்கப்பூரில் 1928 இல் தொடங்கிய உட்பிரிட்ஜ் மருத்துவமனையின் பெயருக்கும் அதே கதி நேர்ந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரிக்கும் சமூகத்தில், "மனசு சரியில்லை" என்று வாய் திறக்க யார் துணிவார்? மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் தாயின் சோர்வு மூடி மறைக்கப்படுவதும் இதனால்தான்.

இரண்டாவது, சொல் இல்லாமை. 'மனச்சோர்வு' என்பது ஏட்டில் வழங்கும் சொல். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டி அதைச் சொல்ல மாட்டார். "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு", "உடம்பெல்லாம் அசதி", "தலை கனக்குது", "சோறு இறங்கலே" என்பார். உடலின் மொழியில் உள்ளம் பேசுகிறது. கேட்கும் மருத்துவர் இதயத்தைப் படம் பிடிக்கிறார், இரத்தத்தைச் சோதிக்கிறார், "ஒன்றும் இல்லை" என்று அனுப்புகிறார். கண்ணூறு என்றும் செய்வினை என்றும் எண்ணிக் கயிறு கட்டிக் காலம் கடத்துவோரும் உண்டு. இறைவழிபாடு உள்ளத்திற்குத் தரும் ஆறுதலை எவரும் மறுக்க இயலாது. காய்ச்சலுக்கு மருந்து உண்பவர் வழிபாட்டைக் கைவிட்டவராக ஆவதில்லை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவரும் அப்படியே.

மூன்றாவது, நேரமின்மை. அரசாங்க சுகாதார நிலையங்களில் காலை முதலே கூட்டம் நிரம்புகிறது. ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அதற்குள் இரத்த முடிவைப் பார்த்து, மருந்துச் சீட்டு எழுதி முடிப்பதே மருத்துவருக்குப் பெரும்பாடு.

ஒன்பது கேள்விகள்

இம்மூன்று தடைகளையும் ஓரளவேனும் கடக்க உதவுவது எளிய வினாப்பட்டியல். அவற்றுள் உலகெங்கும் பரவலாக வழங்குவது பி.எச்.கியூ.-9 என்பதாகும். அமெரிக்க மருத்துவர்களான ராபர்ட் ஸ்பிட்சர், கர்ட் குரோன்கி ஆகியோரும் ஜேனட் வில்லியம்ஸ் என்பவரும் உருவாக்கிய இப்பட்டியல் பற்றிய ஆய்வு 2001 இல் வெளிவந்தது. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்மை, மனம் தளர்தல், உறக்கக் கோளாறு, களைப்பு, பசி மாற்றம், தன்னையே பழித்துக்கொள்ளல், கவனம் சிதறல், மந்தமோ பதற்றமோ, சாவைப் பற்றிய எண்ணம் ஆகிய ஒன்பதும் எவ்வளவு நாள் தொல்லை கொடுத்தன என்று அது கேட்கிறது. இல்லவே இல்லை என்றால் 0. சில நாள் என்றால் 1. பாதி நாளுக்கு மேல் என்றால் 2. ஏறக்குறைய நாள்தோறும் என்றால் 3. கூட்டுத்தொகை 27 வரை செல்லும். 5 முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் சற்றுக் கடுமை, 20 முதல் கடுமை என்று கொள்வர். பொதுவாக 10 எட்டினால் மருத்துவர் விரிவாக விசாரிக்க வேண்டும்.

இதன் முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கும் குறும்பட்டியல் 2003 இலும், பதற்ற நோயைக் காணும் ஏழு கேள்விகள் கொண்ட ஜி.ஏ.டி.-7 என்பது 2006 இலும் வந்தன. மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகிய மூன்றையும் அளக்கும் டாஸ்-21 எனும் பட்டியல் 1995 இல் ஆஸ்திரேலியாவில் உருவானது. மலேசிய சுகாதார நிலையங்களில் அதுவும் வழக்கத்தில் உண்டு. பி.எச்.கியூ.-9 மலாயிலும் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. கட்டணம் கிடையாது. நிரப்ப ஐந்து நிமிடம் போதும்.

இணையம் தரும் வசதி

காகிதத்தில் இருந்த இக்கேள்விகள் இன்று கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டன. கோவிட் பெருந்தொற்றுக்காக 2020 இல் அறிமுகமான மைசெஜாத்திரா செயலியில் 2022 ஆம் ஆண்டு மனநலச் சோதனைப் பகுதியும் சேர்க்கப்பட்டது. சிங்கப்பூரில் 2020 ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிய மைண்ட்லைன் எனும் இணையத்தளம், பெயர் கூறாமலே ஒருவர் தம் மனநிலையைச் சோதித்துப் பார்க்கவும், தெளிவு பெறவும், உதவிக்கு வழி காணவும் இடம் தருகிறது.

இதில் நோயாளிக்கு என்ன நன்மை? மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசும் ஒன்றைத் திரையைத் தொட்டுச் சொல்வது எளிது. இது புதிய உண்மை அன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வார்னர் ஸ்லாக் என்னும் மருத்துவர் 1960களிலேயே கணினியைக் கொண்டு நோயாளிகளிடம் நோய் விவரம் கேட்டுப் பார்த்தார். அதன்பின் வந்த ஆய்வுகளிலும், மது, தற்கொலை எண்ணம் போன்றவற்றைக் கணினியிடம் ஒளிக்காமல் சொன்னோர் பலர் எனக் காணப்பட்டது. கணினி புருவம் உயர்த்துவதில்லை, அவசரப்படுத்துவதுமில்லை.

மேலும், மருத்துவருக்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரம் வீணாகாமல் பயன்படுகிறது. கூட்டுத்தொகையைச் செயலியே கணக்கிடுகிறது. எழுத்தறியாதவர்க்குக் கேள்விகளைத் தமிழில் ஒலிக்கச் செய்யலாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரத்தத்தில் இனிப்பைச் சோதிப்பதுபோல, மனநிலையையும் அதே கால இடைவெளியில் அளந்து ஏற்ற இறக்கத்தைக் காணலாம். ஒருமுறை 14, அடுத்த முறை 9, அதற்கடுத்து 5 என்று இறங்குவதை நோயாளி தம் கண்ணாலேயே காணும்போது, சிகிச்சையில் நம்பிக்கை பிறக்கிறது.

ஆயினும் ஓர் இடர் உண்டு. கைத்தொலைபேசி இயக்கத் தெரியாத முதியவருக்கு மகனோ மருமகளோ உதவுவது இயல்பு. "அப்பா, தூக்கம் நல்லா வருதா?" என்று மகன் கேட்டால், "வருதுப்பா" என்றுதான் தந்தை சொல்வார். பிள்ளைக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பதே அவருடைய மனச்சோர்வின் மையமாக இருக்கும்போது, பிள்ளையிடமே அதை எப்படிச் சொல்வார்? எனவே உதவுபவர் தாதியாகவோ பயிற்சி பெற்ற தொண்டராகவோ இருத்தல் நலம். தனி அறையும் வேண்டும்.

அறிவே முதல் மருந்து

சோதனையோடு கல்வியும் சேர வேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் அந்தோணி ஜோர்ம் 1997 இல் 'மனநல அறிவு' என்ற கருத்தை முன்வைத்தார். நோயை அடையாளம் காணவும், உரிய உதவியை நாடவும் மக்களுக்குத் தேவைப்படும் அறிவையே அவர் அவ்வாறு குறித்தார். அவரும் அவருடைய சகாக்களும் இணையத்தின் வழி செய்த ஓர் ஆய்வு 2004 இல் வெளியிடப்பட்டது. மனச்சோர்வின் அறிகுறிகள் கொண்ட 525 பேரை அவர்கள் மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் மனச்சோர்வு பற்றிய விளக்கத் தளத்தைப் படித்தனர். மற்றொரு பிரிவினர் எண்ணங்களைச் சீர்ப்படுத்தும் இணையப் பயிற்சியில் ஈடுபட்டனர். எஞ்சியோர்க்கு இவ்விரண்டும் தரப்படவில்லை. முடிவில், பயிற்சி பெற்றோர்க்கு மட்டுமன்றி, விளக்கத்தைப் படித்தவர்க்கும் அறிகுறிகள் குறைந்தன. நோயைப் புரிந்துகொள்வதே நோயைத் தணிக்கத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் எதைப் புரிந்துகொள்ள வேண்டும்? மனச்சோர்வு ஒரு நோய். மனத்திடம் இல்லாமையோ கடவுள் நம்பிக்கைக் குறைவோ ஆகாது. அது குணமாகக்கூடியது. பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு, மாத்திரையும் உண்டு. மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். முதல் வாரத்திலேயே பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. குணமான பின்பும் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். நிறுத்தும்போது மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இத்தனையும் இரண்டு நிமிட ஒளிப்படக் காட்சியாகத் தமிழில் கிடைத்தால், எத்தனையோ குடும்பங்களின் அச்சம் தீரும்.

கவனிக்க வேண்டியவை

சோதனை வேறு, நோய் நிர்ணயம் வேறு. 2001 ஆம் ஆண்டு ஆய்வில், 10 என்ற எல்லையை வைத்துப் பார்த்தபோது, நோயுள்ள நூறு பேரில் 88 பேரை அப்பட்டியல் சரியாகக் கண்டது. நோயற்ற நூறு பேரில் 88 பேரைச் சரியாக விலக்கியது. நன்றாகத்தான் தோன்றுகிறது. ஒரு முகாமுக்கு வந்த 100 பேரில் உண்மையில் 10 பேருக்கு மனச்சோர்வு உள்ளதென்று வைத்துக்கொண்டால், சோதனை அவர்களுள் 9 பேரைப் பிடிக்கும். நலமாக உள்ள 90 பேரிலும் 11 பேரை நோயாளி என்று காட்டும். ஆக, 20 பேர் அழைக்கப்பட்டால் பாதிக்கும் குறைவானவர்களுக்கே நோய் இருக்கும். எனவே, எண்ணைப் பார்த்து எவரும் தமக்கோ பிறர்க்கோ முத்திரை குத்திவிடக் கூடாது. மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

உடல் நோயாளிகளிடம் இன்னும் கவனம் தேவை. களைப்பும் பசியின்மையும் உறக்கக் கேடும் சிறுநீரக நோயாலும் தைராய்டு குறைவாலும் இரத்தசோகையாலும் வரலாம். நீரிழிவுக்கு மெட்போர்மின் மாத்திரையை நெடுநாள் உண்போர்க்கு பி-12 உயிர்ச்சத்து குறைவதுண்டு. மரக்கறி உணவினர்க்கு அவ்வாய்ப்பு கூடுதல். அக்குறைவும் சோர்வை உண்டாக்கும். இரத்தச் சோதனையால் இவற்றைப் பிரித்தறியலாம்.

ஒன்பதாம் கேள்விக்கு ஒருவர் 'ஆம்' என்றால், கூட்டுத்தொகை எதுவாயினும், அன்றே ஒருவர் அவரோடு அமர்ந்து பேச வேண்டும். இரவு பத்து மணிக்கு வீட்டில் தனியே விடையளித்தவருக்கு வெறும் எண்ணை மட்டும் காட்டி முடித்துக்கொள்ளும் செயலி, உதவியாகாது. அதே திரையில் உதவி எண் தோன்ற வேண்டும். மலேசியாவில் ஹீல் 15555, பிஃபிரண்டர்ஸ் 03-7627 2929. சிங்கப்பூரில் 1767 ஆகிய எண்களை வீட்டில் எழுதி வைப்பது நன்று. தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 ஆம் ஆண்டு ஜனவரி முதலும், மலேசியாவில் 2023 ஆம் ஆண்டு முதலும் குற்றமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே காவல் துறைக்கு அஞ்சி மறைக்க வேண்டிய நிலை இன்று இல்லை.

விடைகளை யார் பார்ப்பர் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். மருத்துவரும் தாதியும் அன்றி, முதலாளியோ உறவினரோ பார்க்க இயலாது என்ற உறுதி இல்லையெனில், எவரும் உண்மை எழுத மாட்டார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, சோதனைக்குப் பிந்திய தொடர் கவனிப்பு. கண்டுபிடித்துவிட்டுக் கைவிடுவதால் பயன் சிறிதே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 14 மருத்துவ நிலையங்களில், நீரிழிவோ இதய நோயோ கொண்டிருந்து மனச்சோர்வும் உற்ற 214 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010 இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற தாதி ஒருவர், மருத்துவரின் வழிகாட்டலோடு, நோயாளியைத் தொடர்ந்து சந்தித்தும் தொலைபேசியில் விசாரித்தும் வந்தார். ஓராண்டு முடிவில் மனச்சோர்வு குறைந்தது. அதனோடு இனிப்பின் அளவும், கெட்ட கொழுப்பும், இரத்த அழுத்தமும் குறைந்தன. உள்ளத்தைக் கவனித்த கை உடலையும் காத்தது.

ஆலயங்கள் ஆற்றக்கூடிய பணி

மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குபவரும் ஆலயத்திற்கு வருகிறார். ஆதலால் ஆலயங்களுக்கு இதில் சிறப்பான பங்கு உண்டு. மருத்துவ முகாமில் இரத்த அழுத்த மேசைக்குப் பக்கத்திலேயே, திரையிட்ட ஒரு மூலையில், இச்சோதனைக்கும் இடம் ஒதுக்கலாம். 'மனநலச் சோதனை' என்று பெரிதாக எழுதி வைத்தால் எவரும் வர மாட்டார். 'உறக்கமும் களைப்பும்' என்று எழுதினால் வருவர். கணினி அறிந்த இளைஞர்கள் முதியோர்க்குத் திரையைக் காட்டிக் கொடுத்துவிட்டு விலகி நிற்கலாம். ஆனால், மருத்துவரோ ஆலோசகரோ உடனில்லாத நாளில் இச்சோதனையை நடத்தாதிருப்பதே முறை. அருகிலுள்ள சுகாதார நிலையத்தோடும், மெந்தாரி எனப்படும் சமூக மனநல மையத்தோடும் முன்பே பேசி, யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இன்னும் செலவில்லாத ஒரு பணி உண்டு. வெள்ளிதோறும் வந்துகொண்டிருந்த ஓர் அம்மையார் மூன்று வாரமாகக் காணப்படவில்லை என்றால், பக்கத்தில் அமர்பவர் ஒரு தொலைபேசி அழைப்பு விடுக்கலாம். அந்த அழைப்பு எந்தச் செயலிக்கும் இளைத்ததன்று.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் கூறுகிறது. இணையம் இந்நான்கில் எதற்கும் மாற்றாகாது. நோயுற்றவர் தம் நோவைச் சொல்லவும், மருத்துவர் அதைக் கேட்கவும் இடையே ஒரு பாலமாக மட்டுமே அது அமையும். மருந்தும் மருத்துவரும் நாட்டில் உண்டு. நோயுற்றவர் வாய் திறப்பதும், அருகிருப்பவர் காது கொடுப்பதுமே இனி நிறைவேற வேண்டியவை. இவ்வாண்டுத் திருவிழாவிலிருந்து, வீட்டிலுள்ள நோயாளியிடம் "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் ஒவ்வொருவரும், "மனசு எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பாராக. விடை வரும்வரை சற்றுப் பொறுத்திருப்பாராக.